தோற்சிற்பம்

கல்லிற் செதுக்குவது கலை. மரத்திற் செதுக்குவதும் கலை. பொன்னிலும் தந்தத்திலும் செதுக்குவது கலையே என்பதை யாவரும் உடன்படுவர். தோலிற் செதுக்குவதும் கலையாமோ என்று வினவின், நம்மிற் பலர் விடை கூறுமுன் சற்றே முகஞ் சுளிப்பர். யாமும் அவ்வாறு சுளித்தவர்களைச் சேர்ந்தோமே. அச்சுளிப்பு நீங்கிய வரலாற்றையும், அதனை நீக்கிய கலையின் இயல்பையும், எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சில திங்களுக்கு முன் அமெரிக்க நாட்டின் மேற்றிசைச் சேணங்களைப் பற்றிய படநூல் ஒன்று எம் கைக்கு வந்தது. குதிரையின் முதுகில் இடும் இருக்கையையும், அதன் மார்பிலும் தலையிலும் பூட்டும் வார்களையும் சேர்த்தே ஈண்டுச் சேணம் என்கின்றோம். அந்நூலிற் கண்ட சேணம் ஒன்றில் விரற்கடை இடமும் எஞ்சாது காட்டு ரோஜாக்கள் பூத்துக் கிடந்தன. இதழ்கள் மேலெழுந்து நின்றன. தண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்து சென்றன. யந்திரத்தில் அழுத்தி எடுத்த அச்சுப்போலும் என முதலில் எண்ணினோம். ஒவ்வோரிதழும் கத்தியாற் கீறிக் கொட்டாப்புளியால் தட்டி ஆக்கப்பட்டது என்று படித்தபோது வியப்பெய்தினோம். வியப்பு ஆசையாயிற்று, ஆசை முயற்சியாயிற்று.

கடைத்தெருவிற் சென்று மென்மையும் மினுமினுப்பும் உடைய தோற்றுண்டு ஒன்றை வாங்கினோம். அதனை நனைத்து, பேனாக்கத்தியால் ஐந்திதழ்ப் பூ ஒன்றைக் கீறி, முனை மழுக்கிய ஆணிகளால் ஒரு பிற்பகல் முழுதும் தட்டினோம். மாலையிற் பூ ஒருவாறு தோன்றியது. மறுநாட் காலை எழுந்து பார்க்குங்கால், கத்தி கீறிய கோடுகள் மட்டும் வாய்பிளந்து நிற்க, தட்டிய பள்ளமெல்லாம் மேலெழுந்து, பூ இருந்த இடந்தெரியாது மறைந்துவிட்டது. நீர்மேல் எழுத்து என்பர். எம் தோல்மேல் எழுத்தும் அவ்வாறாயிற்று.

கல்லூரிக்கு அணித்தே மரநிழலில் அமர்ந்து செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் அத்துண்டைக் கொண்டு சென்றோம். அவர் அதனை வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஓரத்தைச் சிறிது சீவி, உள்ளே நீலம் பாய்ந்திருப்பதைக் காட்டினார். "தம்பி, இது குரோம் தோல். எத்தனை அடித்தாலும் பழையபடி எழும்பிவிடும். பட்டையிலே ஊறின தோல்தான் அடித்ததை மனசிலே வைத்துக்கொள்ளும்" என்றார். இக்கலையின் முதற்பாடம் முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருந்தது. இரண்டாண்டுகளாக எம் கால் அவர்முன் நீண்டதுண்டு. எம் வினா அவர்முன் சென்றது அன்றே முதன்முறை.

தோலின் இயல்பு

அவர் கூறியதன் காரணம் யாதெனின், கூறுதும். விலங்கின் தோல் என்பது எண்ணிறந்த நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாம். பச்சைத் தோலை அவ்வாறே விடின் அழுகும். உலர்த்தின் பலகைபோல் விறைக்கும். இவ்விரு கேடும் நேராது காத்தலே பதனிடுதல். மரப்பட்டையினின்று இறங்கும் துவர்ப்பொருளை அந்நார்களிடையே புகுத்துவது ஒரு முறை. குரோமிய உப்பினால் அவற்றைப் பிணிப்பது மற்றொரு முறை. முன்னது மிகப் பழையது. சுண்ணாம்பு நீரில் மயிர் கழிந்த தோல், மெல்லிய பட்டைநீரிலிருந்து செறிந்த பட்டைநீருக்குப் படிப்படியாக மாற்றப்பெற்று, வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் ஊறும். பின்னது 1858-இல் ஜெர்மானியராகிய நாப் என்பவரால் ஆராயப்பட்டு, 1884-இல் அமெரிக்காவில் ஷூல்ட்ஸ் என்பவர் பெற்ற உரிமைப் பத்திரத்தின் பின் தொழிலுலகிற் பரவியது. அது மிக விரைவில் முடிவது. குரோம் தோல் மென்மையும் உறுதியும் உடையது. செருப்பின் மேற்றோலுக்கும் பைக்கும் ஏற்றது. ஆயின் அதன் நார்கள் வளைத்த வில்லைப்போல மீள்வன. பட்டைத் தோலோ, நனைந்தபோது களிமண்போல் இணங்கி, உலர்ந்தபோது இணங்கிய வடிவிலேயே நிலைபெறும்.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோலுக்கு ஊட்டிய பட்டை ஆவிரைப் பட்டை. திண்டுக்கல்லிலும் பாலாற்றங்கரை ஊர்களிலும் ஆவிரையிற் பதனிட்ட தோல்கள் முற்காலத்துக் கப்பலேறி மேனாடு சென்றன. ஆவிரை தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த மலர்களுள் அதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடற் குதிரை ஏறுங்கால் அணியும் பூக்களுள் அதுவும் ஒன்று. மடற்குதிரைக்கு உரிய பூவைத் தந்த செடியே உண்மைக் குதிரையின் வாருக்கு உரிய பட்டையையும் தரும் என்பது யாம் செருப்புத் தைக்கும் முதியவரைக் கண்ட பின்னரே சிந்தித்த செய்தி.

சேணத்திற்குரிய தோல் பெரும்பாலும் மாட்டின் முதுகுப் பகுதியினின்று கொள்ளப்படும். வயிற்றுத் தோல் தளர்ந்து இழுபடுமாதலின் விலக்கப்படும். கனத்தை அளக்க அவுன்சுக் கணக்கு ஒன்று உண்டு. ஓர் அவுன்சு என்பது ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு. இடைவாருக்கு 8 முதல் 10 அவுன்சுத் தோலும், சேணத்தின் பெரும் பகுதிகளுக்கு அதனினும் தடித்த தோலும் வேண்டும். வார்த்தோலுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. மழையும் வியர்வையும் தாக்காவண்ணம் அதற்குக் கொழுப்பும் எண்ணெயும் மெழுகும் நிறைய ஊட்டுவர். இஃது இழுக்கும் வாருக்கு நன்மை. செதுக்கும் கைக்கு இடையூறு. என்னை? நெய் நிறைந்த தோல் நீரை எளிதில் ஏலாது. நீரை ஏலாத தோல் இணங்காது. ஆதலின் நெய் மிகுதியாக ஊட்டாத இளம்பழுப்புத் தோலில் சித்திரத்தை முதலில் முடித்து, நெய்யைப் பின்னர் ஊட்டுவதே சிறந்த முறையாம்.

கலை சென்ற வழி

இக்கலை அமெரிக்காவிற் பிறந்ததன்று. இஸ்லாமியர் ஆட்சியில் ஸ்பெயின் நாட்டுக் கார்டோவா நகரம் தோற்றொழிலாற் பெரும்புகழ் பெற்றது. செருப்புத் தொழிலாளரைக் குறிக்கும் 'கார்டுவெய்னர்' என்னும் பழைய ஆங்கிலச் சொல் அந்நகரின் பெயரடியாகப் பிறந்ததே. 1519-இல் கோர்ட்டெஸ் என்னும் ஸ்பானியத் தலைவன் மெக்ஸிகோக் கரையில் இறங்கியபோது அவனுடன் 16 குதிரைகள் வந்தன. குதிரையைத் தொடர்ந்து சேணமும், சேணத்தைத் தொடர்ந்து அதனை அணிசெய்யும் வழக்கமும் அந்நாட்டில் வேரூன்றின. மெக்ஸிகோவின் மாடுமேய்ப்போர் வாயிலாக அவ்வழக்கம் வடக்கே கலிபோர்னியாவுக்கும் டெக்ஸாஸுக்கும் சென்றது. பரந்த வெளிகளில் நாள் முழுதும் குதிரைமேலிருந்து மந்தையைக் காப்போனுக்குச் சேணமே இருக்கை; இராக்காலத்தில் தலையணையும் அதுவே. ஆதலின் அதனை அவன் அணிசெய்ய விரும்பியது இயல்பே. அணியிற் பயனும் உண்டு. வழுவழுப்பான தோலில் ஒரு கீறல் விழினும் கண்ணை உறுத்தும். செதுக்கிய தோல் நூறு கீறலையும் மறைக்கும். அன்றியும் அதன் மேடு பள்ளம் ஏறுவோனின் தொடை வழுக்காதவாறு பற்றிக்கொள்ளும்.

19-ஆம் நூற்றாண்டின் சேணத்தொழிலாளர் பலர் தம் கருவிகளைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பெரிய ஆணிகளின் முனையை அரத்தால் அராவி, இதழ்க்கு ஒன்றும் நரம்புக்கு ஒன்றுமாக வைத்திருந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் வயோமிங் மாகாணத்து ஷெரிடன் என்னும் சிற்றூர் இக்கலைக்குத் தனி நெறி ஒன்றைத் தந்தது. அங்கு வாழ்ந்த டான் கிங் (1923–2007) காட்டு ரோஜாவைச் சிறியதாக்கி, தண்டுகளை வட்டம் வட்டமாகச் சுழற்றி, ஒரு வட்டம் முடியுமிடத்தில் மற்றொன்று தொடங்குமாறு அமைத்தார். கண் அப்பூக்களிடையே புகுந்தால் வெளியேற வழிகாணாது சுற்றிக்கொண்டேயிருக்கும். 1991-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைநிதி நிறுவனம் மரபுக்கலைஞர்க்கு வழங்கும் உயரிய சிறப்பினை அவருக்கு அளித்தது. ஆல் ஸ்டோல்மன் (1919–1998) என்பவரோ, தொழிற்கூடங்களில் மறைபொருளாய்க் கிடந்த இவ்வித்தையைப் படங்களுடன் கையேடுகளாக எழுதி, கற்க விரும்புவார் யாவர்க்கும் உரியதாக்கினார்.

பதம்

இனிச் செய்முறை கூறுவாம். முதற்செயல் நனைத்தல். தோலின் இருபுறமும் பஞ்சினால் நீர் தடவிப் பொறுத்திருத்தல் வேண்டும். நனைந்தவுடன் தோல் கறுக்கும். நீர் உள்ளே இறங்க இறங்க அதன் இயல்பான நிறம் சிறிது சிறிதாகத் திரும்பும். நிறம் திரும்பத் தொடங்கியும் தொட்டாற் குளிர்ச்சி நீங்காதிருக்கும் நிலையே பதம். நீர் மிகுந்தால் தட்டிய தடம் சேற்றில் வைத்த அடிபோல் கலங்கும். குறைந்தால் தடம் விழாது. பதம் வாய்த்த தோலில் ஒரு தட்டுத் தட்டின் அவ்விடம் பழுப்பேறி ஒளிரும். முதியவர் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே பதம் கூறினார். "கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது" என்பது அவர் துணிபு. சோற்றுக்கும் பாகுக்கும் பதம் பார்க்கும் நம் தாய்மார் இக்கல்வியை எளிதில் உணர்வர்.

வெட்டு

பதம் வாய்த்த தோலின்மேல், சித்திரம் எழுதிய மெல்லிய தாளை வைத்து, கூரற்ற எழுத்தாணியாற் கோடுகளை அழுத்தித் தோலில் இறக்குவர். பின்னர்ச் சுழல்கத்தி எடுக்கப்படும். அதன் தலையிற் பிறைவடிவான தாங்கி ஒன்று உண்டு. அதிற் சுட்டுவிரல் அமர்ந்து கீழ்நோக்கி அழுத்த, பெருவிரலும் நடுவிரலும் உருண்டைத் தண்டைப் பற்றித் திருப்ப, சிறுவிரல் தோலின்மேல் ஊன்றிக் கையைத் தாங்கும். கத்தியை முன்னே தள்ளலாகாது. தன்பால் இழுத்தல் வேண்டும். வளைவு வருமிடத்தில் மணிக்கட்டைத் திருப்பாது, விரல்களாற் கத்தியைச் சுழற்றல் வேண்டும்.

வெட்டின் ஆழம் தோற்கனத்திற் பாதியைக் கடத்தலாகாது. கத்தி செங்குத்தாக நிற்றல் வேண்டும். சாயின் இதழின் அடி குடையுண்டு பின்னர்ப் பிய்ந்துபோம். ஒரு கோடு மற்றொரு கோட்டைக் குறுக்கே வெட்டலாகாது. நெருங்குமிடத்து அழுத்தம் குறைந்து மெலிந்து நின்றுவிடல் வேண்டும். கத்திமுனையோ, பச்சை நிறமான குரோமியத் தூள் தேய்த்த வாரில் அடிக்கடி தீட்டப்பெறுதல் வேண்டும். அங்ஙனம் தீட்டாத கத்தி தோலை வெட்டாது இழுத்துச் செல்லும். இவை யாவினும் பெரிய விதி ஒன்று உண்டு. தோலில் அழித்தெழுத இயலாது. தாளில் எழுதிய பிழையை அடித்துத் திருத்தலாம். தோலிற் கீறிய பிழை தோலுள்ள வரையும் நிற்கும்.

பொறி

வெட்டியபின் தோலைக் கருங்கற் பலகைமேல் இருத்திப் பொறியாணிகளால் தட்டுவர். தட்டுவதற்கு மரத்தாலோ பச்சைத் தோலாலோ ஆய கொட்டாப்புளியே ஏற்றது. இரும்புச் சுத்தி ஆணியின் தலையைச் சிதைக்கும். ஆணிகளுள் தலையாயது சரிவாணி. அதன் தடித்த விளிம்பை வெட்டின் உள்ளே அமைத்து, இதழுக்குப் புறம்பான பக்கத்தைத் தட்டித் தாழ்த்துவர். ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. பூ உயர்த்தப்படுவதன்று; அதனைச் சூழ்ந்த இடம் தாழ்த்தப்படுவதே. தாழ்ந்த இடத்தின் நடுவே பூ தானாக எழுந்து நிற்பதாகத் தோன்றும். ஒவ்வொரு தட்டுக்கும் ஆணி மயிரிழையளவே நகர்தல் வேண்டும். மிக நகர்ந்தாற் படிக்கட்டுப்போலத் தடங்கள் தெரியும்.

இதழின் நடுவே குழிவு தர ஓர் ஆணி. தண்டிலும் இலையோரத்திலும் பிறைபோன்ற வரி இட ஓர் ஆணி. இலை நரம்புக்கு ஓர் ஆணி. பூவின் நடுவிலுள்ள விதைகளுக்கு ஓர் ஆணி. பூக்களிடையே எஞ்சும் வெற்றிடத்தை நுண்புள்ளிகளால் ஆழ்த்தி இருளச் செய்ய ஓர் ஆணி எனப் பலவகை உண்டு. இவையெல்லாம் முடிந்தபின் மீண்டும் சுழல்கத்தியை எடுத்து, இதழிலும் இலையிலும் சில கோடுகளை ஒரே வீச்சிற் கீறுவர். இக்கோடுகளுக்கு வரைந்த துணை இல்லை. சரிவாணி வந்து குற்றத்தை மறைப்பதும் இல்லை. ஆகவே கலைஞனின் கைத்திறம் வெளிப்படும் இடம் இதுவே.

கருவியைப் பற்றி மற்றொன்று. பூச்சற்ற இரும்பு நனைந்த பட்டைத் தோலைத் தொடின் அவ்விடம் கருநீலமாகும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மையாவதே அதன் காரணம். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இம்முறையாலேயே. துரு ஏறாத உலோகத்தால் ஆணிகளை ஆக்குவதும், அவற்றுக்குப் பூச்சிடுவதும் இதனைத் தவிர்த்தற்கே.

நிறமும் நெய்யும்

தட்டி முடிந்த தோலை நிழலில் மெல்ல உலர்த்தி, மாட்டின் கால் எலும்பினின்று எடுக்கும் எண்ணெயைச் சிறிதளவு தடவுவர். நனைந்து உலர்ந்த நார்களுக்கு அது மீண்டும் நெகிழ்ச்சி தரும். பின்னர்க் கருஞ்சாயக் குழம்பை மேலெல்லாம் பூசி உடனே துடைத்துவிடுவர். மேட்டிலுள்ள சாயம் நீங்க, வெட்டிலும் பள்ளத்திலும் உள்ளது தங்கிச் சித்திரத்தைத் தெளிவாகக் காட்டும்.

இதனைப் படித்தபோது எமக்கு நம் ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக்கரி முதலியவற்றை ஓலைமேல் தடவித் துடைத்தபின் கீறலில் மை தங்கி எழுத்து விளங்கும். அதிலும் அழித்தெழுத இடமில்லை. இரண்டும் பதமறிந்து செய்வன. இரண்டும் கீறி எழுதுவன. இரண்டும் மையாற் கண்திறப்பன. எழுத்தாணியும் சுழல்கத்தியும் உடன்பிறந்தன என்றால் மிகையாகாது. அங்ஙனமாக, ஒன்று பிடித்த கையைப் புலவன் கையென்று வணங்குகின்றோம். தோலைப் பிடித்த கையை நம் நாட்டில் தொடவும் அஞ்சினோம்.

கை

புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார் என்னும் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் புரிந்த விரைவுக்கு உவமை தேடினார். ஊரில் விழா, மனையில் மனைவிக்கு மகப்பேற்று நோவு, வெளியே மழை, பொழுதோ சாய்கின்றது. இந்நிலையிற் கட்டிலுக்கு வார் பின்னும் தோற்றொழிலாளன் ஒருவன் கை ஊசி எத்துணை விரையுமோ, அத்துணை விரைந்தது மன்னன் போர் என்றார். அரசனது வீரத்தை அளத்தற்கு அவருக்குக் கிடைத்த அளவுகோல் ஒரு தொழிலாளன் கையே. ஆயினும் அவனைக் குறிக்குமிடத்து இழிவுப் பெயராலேயே குறித்தார். கையை வியந்த புலமையும் அக்கைக்குரியவனை இழித்த வழக்கும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. அப்பாட்டை யாம் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றோம். இம்முரண் அன்று எம் கண்ணிற் படவில்லை.

யூதருள்ளும் தோல் பதனிடுவார் விலக்கத்தக்கவராகவே எண்ணப்பட்டனர். ஆயினும் அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில் அநேக நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனுடைய வீட்டில்தான். கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று எண்ணலாகாது என்னும் தரிசனம் அவருக்குக் கிடைத்ததும் அவ்வீட்டின் மேல்மாடியிலேயே. அதிகாரத்தைப் பலமுறை கேட்டிருந்தும், அத்தரிசனத்திற்கு அவ்வீடே பொருத்தமான இடம் என்பதை யாம் உணர்ந்தது இப்பொழுதே.

முதியவர் அளித்த பட்டைத் தோற்றுண்டில் யாம் மீண்டும் முயன்றோம். அவர் பூச் செதுக்கியவர் அல்லர். ஆயினும் எம்மைத் தம் சாக்கின்மேல் அருகே இருத்திப் பதம் பார்க்கக் கற்பித்தார். சாலையிற் செல்லும் தோழர் சிலர் நின்று நோக்கியபோது எம் முகம் சற்றே கன்றியது என்பதை மறைத்தல் பொய்ம்மையாம். மூன்றாம் நாள் பூ மறையாது நின்றது. இதழ் ஒன்றில் மட்டும் கத்தி மிக ஆழ்ந்துவிட்டது. முதியவர் பூவை நோக்காது முதலில் தோலைத் திருப்பிப் பின்புறத்தைத் தடவினார். வெட்டு ஊடுருவவில்லை என்று கண்டபின்னரே முன்புறத்தை நோக்கினார். "பதம் பிடிபட்டுவிட்டது, கை இனிமேல் வரும்" என்றார். அத்துண்டு இன்று எம் புறநானூற்றுப் புத்தகத்தில் 82-ஆம் பாட்டினிடையே அடையாள வாராகக் கிடக்கின்றது.

பிரதான ஆசாரியன் நெற்றியிலணியும் பொற்பட்டத்தில் வெட்டியிருந்த பரிசுத்தச் சொல், ஒருநாள் குதிரைகளின் மணிகளிலும் எழுதப்பட்டிருக்கும் என்று சகரியா தீர்க்கதரிசி உரைத்தார். ஆலயத்துப் பொருளுக்கும் குதிரை பூணும் பொருளுக்கும் வேற்றுமையற்ற அந்நாள், அதனைத் தைக்கும் கைக்கும் நூலேந்தும் கைக்கும் வேற்றுமையற்ற நாளாகவும் இருத்தல் வேண்டும். அந்நாளை எதிர்நோக்கும் மாணவ அன்பர்கள், அடுத்தமுறை செருப்புத் தைக்கும் ஒருவர்முன் நிற்குங்கால், காலை நீட்டுமுன் அவர் கையைச் சிறிது பொழுது நோக்கி நிற்பாராக.